எண்ணெய் ஒழுகும் விமானம்

புதுச் சாமானைக் காசு கொடுத்து வாங்கி வந்து, மாதக் கணக்காக உட்கார்ந்து அதை அழுக்காக்குகிறவள் பதுளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பகலில் எனக்கு ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை. சாயந்தரம் வீட்டில் விமானம் கட்டுகிற வேலை. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்த்து, சாயம் அடித்து, பல காலம் பறந்து களைத்த அந்தக் காலத்து யுத்த விமானம்போல் ஆக்க வேண்டும். முதல் பாதியைப் பொறுமை இருக்கிற யாரும் செய்துவிடலாம். களைப்பைக் கொண்டுவருவதற்குள்தான் உயிர் போய்விடும்.

நான் செய்வது பெரிய அளவு, அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் ஒரு முழம் இருக்கும். சின்ன மாதிரி என்றால் கண் மன்னித்துவிடும், இந்த அளவில் மன்னிப்பே கிடையாது. தகடும் தகடும் சேருகிற கோடு தெரிய வேண்டும். ஆணி வரிசை தெரிய வேண்டும், ஆணிகளுக்கு நடுவில் தகடு லேசாக உள்வாங்கியிருப்பதும் தெரிய வேண்டும். விமானி ஏறி இறங்குகிற இடத்தில் சப்பாத்து உரசிச் சாயம் போய், வெள்ளித் தகடு பல்லைக் காட்ட வேண்டும். புகைபோக்கிக்குப் பின்னால் கரி படிந்திருக்கும், இயந்திர மூடிக்குக் கீழே எண்ணெய் வழிந்திருக்கும், வெயில் பட்ட மேல்பக்கம் வெளுத்திருக்கும். இதில் ஒன்று பிசகினாலும் மொத்தமும் பொய்யாகிவிடும்.

போன வருடம் கொழும்பில் நடந்த மாதிரி விமானக் கண்காட்சிக்கு முதன்முதலாக ஒன்றைக் கொண்டுபோனேன். நடுவர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், குனிந்து பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்.

“வேலை சுத்தமா இருக்கு மிஸ். ஆனா பொம்மை மாதிரி இருக்கு.”

சிரித்துத் தலையாட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. ரயில் பதுளை வந்து சேரும்வரை அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தேன். எனக்குப் பரிசு வேண்டாம், அடுத்த முறை என் விமானத்தைப் பார்த்து ஒருத்தர் வாயிலும் பொம்மை என்கிற சொல் வரக் கூடாது. அப்படி ஒரு வைராக்கியம்.

அந்த வைராக்கியத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் எதிரி இருந்தார், என் மாமனார். மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்தப் பாதையில் லொறியைச் சேறு இல்லாமல் வைத்திருந்தவர் என்று இன்றைக்கும் பேர் சொல்வார்கள். கொழுந்தை இறக்கிய கையோடு வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாராம். இப்போது எங்களோடு இருக்கிறார். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கேரட்டும் ஏற்றி வரும் என் கணவரின் சின்ன லொறி வாசலில் வந்து நிற்பதற்குள் இவர் துணியோடு நிற்பார். லொறி வராத நேரத்தில் வீட்டுக்குள் அழுக்கு தேடுவார்.

“ஏம்மா, நேத்து வரைக்கும் பளபளன்னு இருந்துச்சே. இன்னிக்கி என்னாச்சு?” என்று விமானத்தைக் காட்டிக் கேட்டார்.

“நான்தாங்க மாமா அழுக்காக்குனேன்.”

“நீயேவா?”

மனிதர் என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்துக் கட்டினோமே, விசாரித்துக் கட்டினோமா என்று கேட்கிற பார்வை.

“அது அப்பிடித்தாம்ப்பா. சுத்தமா இருந்தா கொழும்புல ஃபெயில் பண்ணிருவாங்க” என்றார் என் கணவர். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

மாமாவின் துணிக்குப் பயந்து, சாப்பாடு மூடுகிற வலைக்கூடையால் விமானத்தை மூடி வைத்தேன். மற்றபடி அந்த மாதங்கள் எனக்கு நன்றாகவே போயின. ஊரார் நரம்பைத் தேடித் தேடி ஊசி போட்ட கை, ஆணித் துளைகள் போடுவதற்குத் தோதாக இருந்தது. அடுப்புக் கரியைச் சலித்து, பென்சில் தூளோடு கலந்து புகை படிய வைத்தேன். எண்ணெய்த் தடம் மட்டும் வழிக்கு வரவே இல்லை. பழுப்புச் சாயத்தைச் சொட்டு விட்டு, காற்றில் இழுபட்டதுபோல் வால் பக்கமாகக் காய்ந்த தூரிகையால் இழுக்க வேண்டும். சுற்றிலும் எல்லாம் மங்கலாக இருக்க, எண்ணெய் மட்டும் ஈரமாக மினுங்க வேண்டும். பல தடவை போட்டு அழித்தேன். ஒருநாள் அது தானாக வந்து உட்கார்ந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும் என்று எனக்கே தோன்றிற்று. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் ஆயுத பூசை வந்தது. மாமாவுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மிக்சிக்கு வைப்பார், அரிவாள்மனைக்கு வைப்பார், மகனின் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் வைப்பார். லொறிக்குத்தான் தனி மரியாதை. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி கொஞ்சம் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் திருஷ்டி கழியும், வருடம் முழுக்க வண்டிக்கு ஒன்றும் வராது. தோட்டத்தில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்தார்கள், பதுளை வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது.

நான் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே லொறி உறுமி ஓய்ந்தது. பழம் நசுங்கிவிட்டது, பூசை முடிந்தது என்று நினைத்தேன். சட்டியை இறக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தால், என் மேசைமேல் வலைக்கூடை இல்லை. மாமா பூசைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். விமானத்தின் மூக்கில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். முன்சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம். சக்கரத்தைத் தாங்கும் கால் ஒன்று, சறுக்கி விழுந்த ஆட்டின் கால்போல் பக்கவாட்டில் விரிந்து கிடந்தது.

“ஏத்திப் பாத்தேம்மா, ஏறல” என்றார். “சின்னக் காயாத்தான் பாத்து வச்சேன்.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. மாமனார், பெரியவர், நல்ல நாள் என்பதெல்லாம் மறந்து போய்விட்டது.

“என்னங்க மாமா இது! அடுத்த வாரம் கொழும்புக்குப் போக வேண்டியது. லொறியும் இதுவும் ஒண்ணா? இது வெறும் பொம்மைங்க மாமா. பொம்மைக்கு யாராவது பொட்டு வப்பாங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்த சொல் என் காதில் விழுந்தது. மாமா கோபப்படவில்லை. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, இயந்திர மூடிக்குக் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பொம்மைன்னா ஏம்மா எண்ணெ ஒழுகுது?”

கேலி இல்லை, குத்தலும் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். அது பிளாஸ்டிக் என்று அவருக்குத் தெரியும், நான் ஒட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஆனாலும் எண்ணெய் ஒழுகுகிற ஒன்றைப் பொட்டு வைக்காமல் விட்டுப்போக அவரால் முடியவில்லை. அலமாரியில் என் பழைய விமானங்கள் வருடக் கணக்காக இருக்கின்றன, ஒரு பூசைக்கும் அவர் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. கடலை ஆறிப்போகும், சாப்பிட வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலுக்குக் கம்பி வைத்து ஒட்டினேன், நின்றுகொண்டது. பொட்டுதான் மல்லுக்கு நின்றது. ஈரப் பஞ்சால் துடைத்ததில் சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் மங்கல் சாயத்துக்குள் இறங்கிச் சிவப்பாக உட்கார்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி சாயம் அடித்தால் ஒரு சாயந்தரத்தில் தீர்ந்துபோகும். சாயத்தைக் கலக்கித் தூரிகையையும் கையில் எடுத்தேன். பொம்மை இல்லை என்று ஒருவர் சொல்லிவிட வேண்டும் என்றுதானே இத்தனை நாள் மல்லுக்கட்டினேன்? மாமா சொல்லிவிட்டார். அதன்மேல் சாயம் பூச எனக்கு மனசு வரவில்லை. தூரிகையைக் கழுவி வைத்தேன்.

“பொட்டோடயா போறே?” என்றார் என் கணவர்.

“ஆமா. உங்கப்பா வச்சது.”

பெட்டியை ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனேன். கண்காட்சியில் அதே நடுவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி வெகுநேரம் பார்த்தார். எண்ணெய்த் தடத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

“எல்லாம் சரி மிஸ். மூக்குல இந்தச் சிவப்பு என்ன?”

“பொட்டுங்க.”

“அந்தக் காலத்து யுத்த விமானத்துல பொட்டு இருந்திருக்காதே?”

“இதுல இருக்குங்க. போன வாரம் பூசை போட்டோம்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே புள்ளியையும் குறைத்தார், அது அவர் கடமை. பொம்மை என்று மட்டும் சொல்லவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

பரிசு கிடைக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் எடுத்தேன். மாமாதான் பேசினார். பரிசு ஒன்றும் இல்லைங்க மாமா என்றேன்.

“அத விடும்மா” என்றார். “ஒன் வண்டி வழியில எங்கயும் நின்னுச்சா?”