டீக்கு நாற்பது நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை நான்கு ஐம்பதுக்குச் செய்தி வந்தபோது, அடுத்த வாரம் வேளாங்கண்ணி போகும் வேனில் யாருக்கு எந்த இடம் என்று ஹம்சவேணி எழுதிக்கொண்டிருந்தார். வாந்தி எடுக்கும் அன்னக்கொடிக்கு ஓட்டுநருக்குப் பின்னால் சன்னலோரம். முழங்கால் வலிக்காரச் செல்லக்கிளிக்குக் கதவுப் பக்கம், காலை நீட்ட வசதியாக. போனில் வந்தவன் செல்லக்கிளியின் மகன் ராஜபாண்டி.

“பெரிம்மா, அம்மா போயிருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, ஆட்டோ வர்றதுக்குள்ள…”

“எத்தன மணிக்கு?” என்றார் ஹம்சவேணி. நல்லதோ கெட்டதோ, முதலில் மணி கேட்பது அவர் வழக்கம்.

போனை வைத்ததும், செல்லக்கிளி ஆயாவாகப் போகும் ஏழாம் நம்பர் வண்டிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகுதான் முகம் கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார்.

மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் பதினோரு வேன்களுக்கும் அவர்தான் பொறுப்பு. வயது ஐம்பத்தெட்டு. இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். எந்தப் பிள்ளை எந்த முக்கில் நிற்கும், எந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை நிமிடம் பிந்துவாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “நம்ம வண்டி யாருக்காகவும் நிக்காது. ஒரு ஆளுக்கு நின்னா இருபது பிள்ளைக்கு லேட்டு” என்பார். ஒருமுறை பழனி அடிவாரத்தில் டீ குடிக்கப் போன சொந்தக் கணவர் துளசிராமையே விட்டுவிட்டு வேனைக் கிளப்பியவர். துளசிராம் அரசுப் பேருந்தில் தொற்றிக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தார். “முகூர்த்தத்தன்னிக்கு நான் ரெண்டு நிமிசம் லேட்டா போயிருந்தா தப்பிச்சிருப்பேன்” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டிதான் ஹம்சவேணி, இன்னொரு வண்டி ஆயாவான அன்னக்கொடி, செல்லக்கிளி மூவருக்கும் சொந்த நேரம். கடைசி சீட்டில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தால், அடுத்த லீவுக்கு எந்த ஊர் என்று தொடங்கிப் பேச்சு எப்படியோ பிறந்த வீட்டுக்குப் போய்விடும். செல்லக்கிளிக்கு ஒரே கதைதான். ஏழு வயதில் மேலூர்ச் சந்தையில் அவர் காணாமல் போனதும், அண்ணன் சோலை தேடிக் கண்டுபிடித்ததும். “கண்ட ஒடனே பளார்னு ஒண்ணு விட்டான். பெறகு ரிப்பன் வாங்கிக் குடுத்தான். அடிச்சதும் அவந்தான், அழுததும் அவந்தான்.” சொல்லி முடித்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த அண்ணனோடு பேச்சு நின்று பத்தொன்பது வருடம். சோலை தன் மகனுக்குச் செல்லக்கிளியின் மகள் தமிழ்வாணியைக் கேட்டார். பெண் நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்றாள். தாய் மகள் பக்கம் நின்றார். அதோடு சரி. எட்டு வருடத்துக்கு முன் செல்லக்கிளியின் கணவர் இறந்தபோதுகூட சோலை வரவில்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். அன்று வரவில்லை.

ஹம்சவேணி இரண்டு மாதத்துக்கு முன் யார் யாரையோ பிடித்து சோலையின் எண்ணை வாங்கினார். வேளாங்கண்ணிக்கு மேலூர் வழியாகத்தான் போகிறோம், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். “வரட்டும். நான் வரச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக” என்றது குரல். செல்லக்கிளிக்கு எதுவும் சொல்லாமல் பயணத் திட்டத்தில், “மேலூர், டீ, 40 நிமிடம்” என்று எழுதிவைத்தார். அன்னக்கொடி அதைப் பிடித்துக்கொண்டார். “டீக்கு நாப்பது நிமிசமா? மாட்டப் பிடிச்சுக் கட்டிக் கறந்துதான் போடுவாகளா?” செல்லக்கிளியும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது அதே எண்ணுக்குக் காலை ஐந்தரைக்கு ஹம்சவேணி பேசினார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். இணைப்பு அறுந்தது. அதன்பிறகு போட்டதெல்லாம் ‘சுவிட்ச் ஆஃப்’.

வண்டியூரில் செல்லக்கிளி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தத்தனேரி மயானத்தில் நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுத்தாக வேண்டும். பெண்ணின் உடம்பில் கடைசியாகப் போர்த்துவது அவள் பிறந்த வீட்டுக் கோடி. அதைப் பற்றி யாரும் ராஜபாண்டியிடம் பேசத் துணியவில்லை. ஒரு கிழவர் துணிந்தார்.

“மாமனுக்குச் சொல்லிவிட்டியாப்பா?”

“எங்கப்பா செத்தன்னைக்கு எங்கம்மா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்துருந்துச்சு. வந்தாரா? இனி ஒரு மாமனும் வேண்டாம். பங்காளி வீட்டுச் சேலையப் போட்டு எடுங்க.”

தாயின் காலடியில் இருந்த தமிழ்வாணி தலையை நிமிர்த்தவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, “ஒரு பிள்ளைய குடுக்க மாட்டேன்னதுக்கு, பொறந்த வீட்டுக் கோடி இல்லாமப் போறா பாரு” என்றாள். தமிழ்வாணியின் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. ஹம்சவேணி அதைப் பார்த்தார். தான் போன் பேசியதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வராத ஆளை வருவார் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை இன்னொரு முறை வாசலைப் பார்க்க வைக்கக் கூடாது.

மூன்று மணிக்கு ராஜபாண்டி வந்து நின்றான். “பெரிம்மா, எடுத்துரலாமா?”

“பத்து நிமிசம் இருய்யா.”

“யாருக்கு?”

“ஒரு ஸ்டாப்பு பாக்கி இருக்கு.”

அவன் புரியாமல் பார்த்தான். அன்னக்கொடி பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்: “நீயா பேசுற? எம்மக கல்யாணத்தன்னைக்கே ரெண்டு நிமிசம் நிக்க மாட்டேன்ன ஆளு நீ.” ஹம்சவேணி தெருமுனைக்குப் போய் வெயிலில் நின்றார். அவர் சௌராஷ்டிர வீட்டுப் பெண்; பதற்றம் கூடினால் வீட்டு மொழியில் எண்ணுவார். மெயின் ரோட்டில் போகும் ஆட்டோக்களை எண்ணினார். பத்து நிமிடம் இருபதாயிற்று. பறை மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. “இன்னும் யாருக்கு நிக்குது?” என்று பந்தலுக்குள் குரல்கள் தடித்தன. ராஜபாண்டி பங்காளி வீட்டுச் சேலையைக் கையில் வாங்கிவிட்டான்.

மூன்று இருபத்தாறுக்கு ஓர் ஆட்டோ நின்றது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்த கிழவர் ஒருவர், துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். மின்கம்பம்வரை வந்தவர் அதற்குமேல் நகரவில்லை.

“மேலூரா?” என்றார் ஹம்சவேணி.

“ஆமாத்தா. பஸ்டாண்டுல ஏறி ஏறி எறங்கிட்டேன். மூணு பஸ்ஸு போயிருச்சு.” பந்தலைப் பார்த்தார். “அந்தப் பய எதுவும் சொல்லுவானா?”

“சொல்லுவான். கேட்டுக்கங்கண்ணே. வாங்க.”

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஹம்சவேணி கூட்டத்துக்குள் நடந்தார். பறை நின்றது. ராஜபாண்டி வாசலை மறித்து நின்றான்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சோ?”

சோலை பையை நீட்டினார். அவன் வாங்கவில்லை. நீட்டிய கை இறங்கவில்லை. உள்ளேயிருந்து தமிழ்வாணி எழுந்து வந்தாள். ராஜபாண்டி கையிலிருந்த பங்காளி வீட்டுச் சேலையை வாங்கித் திண்ணையில் வைத்தாள். “மாமா, உள்ள வாங்க” என்றாள். ராஜபாண்டி ஓர் அடி விலகினான். ஓரடிதான்.

பெண்கள் போர்வையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். ஹம்சவேணி பைக்குள்ளிருந்து சேலையை எடுத்து உதறினார். மயில் கழுத்து நிறம், அகலக் கரை. கடை மடிப்பு கலைந்திருந்தது. “கோடின்னா புதுசுல்ல வேணும்?” என்றார் அன்னக்கொடி.

“புதுசுதான்த்தா” என்று போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து சோலையின் குரல் வந்தது. “நீங்க போன் போட்டீகள்ல, அதுக்கு மறுவாரம் எடுத்தது. வேளாங்கண்ணிக்குக் கட்டிட்டுப் போகட்டும்னு… நேத்துத்தான் மருமக தைக்க உக்காந்துச்சு.”

கரையோரம் எதுவோ ஹம்சவேணியின் விரலில் குத்தியது. நூல் கோத்த ஊசி. அதை உருவித் தன் முந்தானையில் குத்திக்கொண்டு, செல்லக்கிளியின் மேல் சேலையைப் போர்த்தினார். ஃபால்ஸ் பாதிதான் தைத்திருந்தது.