டேங்க் மூடியில் ஒரு பூட்டு

பஸ்ஸில் ஏறும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன் அக்கா. வண்டியின் ஹாரன் பழுதாகிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில், குறுக்கே வந்த லாரிக்காரனை ஜன்னல் வழியாகத் தன் குரலாலேயே ஓரம்கட்ட வைத்தவள் அவள். ஹாரன் சரியான பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊருக்கு வெளியே இருந்த மருந்துத் தொழிற்சாலைக்குக் காலையில் பெண்களை ஏற்றிப்போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தது. அன்றிலிருந்து அதே முதலாளி, அதே பஸ். பஸ்ஸுக்கும் வயசாகிவிட்டது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். காலையில் முதல்முறை கிளப்பும்போது பின்னால் நிற்பவர் மூஞ்சி கரிச்சட்டி ஆகிவிடும். ஆனாலும் அவள் கை பட்டால் சொன்ன பேச்சு கேட்கும்.

முதலாளி பக்கவாதத்தில் படுத்துவிட, அவர் மருமகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கெட்டவன் என்று சொல்வதற்கில்லை. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு. ஒருநாள் பெட்ரோல் பங்க் மேனேஜர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"பிரீமியம் டீசல் போட்டுப் பாருங்க சார். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா இன்ஜின் தானா சுத்தமாயிடும், மைலேஜ் எகிறும். கூடக் குடுத்தது தானா திரும்பி வந்துடும்."

மறுநாளே எல்லா பஸ்ஸுக்கும் பிரீமியம் டீசல் என்று உத்தரவு போட்டான். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"சார், அக்கா வண்டியில டீசல் பீச்சுற இன்ஜெக்டர் தேஞ்சு கிடக்கு, ஏர் ஃபில்டர் அடைச்சுப் போயிருக்கு. முதல்ல அதைப் பாருங்க. டானிக் குடிச்சா சொத்தைப் பல்லு சரியாயிடுமா?"

"அதையெல்லாம் டீசலே பாத்துக்கும்" என்றான் மருமகன்.

உண்மையைச் சொன்னால், ஹாரன் அக்காவுக்கு அந்த டீசல் பிடித்துத்தான் இருந்தது. இன்ஜினின் கடகடப்பு கொஞ்சம் அடங்கியது, காலைப் புகையும் குறைந்த மாதிரி இருந்தது. வெள்ளை மனசோடு அவனிடமே போய், "நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் பிறகு அவள் கழுத்தில் சுருக்காக மாட்டினான்.

மாதம் முடிந்தது. மைலேஜ் இம்மியளவும் ஏறவில்லை. செலவு மட்டும் ஏறியது. மாமனாரிடம் பெருமையடித்துவிட்டு வந்தவனுக்கு அது பொறுக்கவில்லை. பங்க் மேனேஜர் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று அவனுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அன்று காலை பெண்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிப்போ வாசலில், அத்தனை பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்டான்.

"ஏம்மா, டீசல் நல்லா இருக்குன்னு நீயேதானே சொன்னே? அப்ப மிச்சம் எங்க போகுது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்த மிச்சம் சார்?"

"உன் வீட்டுக்காரர் தையல் கடையில ஜெனரேட்டர் ஓடுதாமே."

அப்போதுதான் புரிந்தது. அவள் டீசல் திருடுவதாகச் சொல்கிறான்.

"அது பெட்ரோல்ல ஓடுற ஜெனரேட்டர் சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்க டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "டீசல் ஊத்தினா அது செத்துப்போகும்! டிப்போ நடத்துறீங்க, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

அவன் முகம் சுண்டிப்போனது. மதியத்துக்குள் டேங்க் மூடியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தான். மற்ற பஸ்களிலும் மைலேஜ் ஏறவில்லைதான். ஆனால் பூட்டு அவள் வண்டிக்கு மட்டும்.

அன்றிலிருந்து பங்குக்குப் போகும்போதெல்லாம் வாட்ச்மேனும் கூட ஏறிக்கொள்வார். பாவம், அவருக்கே வெட்கம். "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் பூட்டைத் திறப்பார். பங்கில் வேலை செய்பவர்கள் அவளைப் பார்ப்பதும் தங்களுக்குள் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார்கள். பஸ்ஸுக்குள் ஒருத்தி, விளையாட்டாகத்தான், "அக்கா, எங்களுக்கும் ஒரு கேன் தந்திருக்கலாமே" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹாரன் அக்கா கியரை மாற்றிய வேகத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவள் புருஷன் தையல்காரர். பாதி நேரம் வாயில் குண்டூசி இருக்கும், எதைக் கேட்டாலும் "ம்" என்பார். அன்று அவள் கொட்டியதையெல்லாம் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நீ எடுக்கமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், எப்பவாவது கொஞ்சம்..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "என் நாக்கு அழுகணும், தெரியாமக் கேட்டுட்டேன்" என்று அவர் பின்னாலேயே சுற்றினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எவனோ கேட்டதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் விட்டால் திருடி என்ற பட்டத்தோடுதான் வெளியே போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பூட்டு போட்ட பிறகும் மைலேஜ் முன்பு இருந்த இடத்திலேயே நின்றது. அத்தோடு விஷயம் முடிந்தது, அவன் வாயை மூடுவான் என்று நம்பினாள். அவனோ வாட்ச்மேனிடம், "பூட்டுக்குக் கள்ளச்சாவி போட்டிருப்பா" என்றானாம்.

பங்குக்குப் போகும் வழியில் வாட்ச்மேன் அதைச் சொன்னதும் அவள் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள். கைபேசியை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"கடையைச் சாத்திட்டு வாங்க. முதலாளி வீட்டுக்குப் போகணும்."

ஒரு வாரம் கழித்து வந்த முதல் வார்த்தை. அவர் அளவெடுக்கும் நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடிவந்தார்.

முதலாளி சாய்வு நாற்காலியில் கிடந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் அவர் மகள், அதாவது அந்த மருமகனின் மனைவி, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஹாரன் அக்கா உட்காரவில்லை.

"ஐயா, நான் உங்ககிட்ட நியாயம் கேட்டு வரலை. உங்களால இப்ப பேச முடியாதுன்னு தெரியும். ஆனா இத்தனை வருஷம் உங்க வண்டியை ஓட்டினவ திருடியான்னு உங்ககிட்டருந்து எனக்குத் தெரிஞ்சாகணும். தலையை ஆட்டினாக்கூடப் போதும்."

கிழவரின் கண் கலங்கியது. நல்ல கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். தலை இடதும் வலதுமாக ஆடியது. மகள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எதுவுமே தெரியாதுக்கா. அவர் சொல்லவே இல்லை" என்றாள். "சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும். சாதா டீசல் போட்டு ஓட்டுங்க. நானும் கூட வந்து பாக்கறேன்."

சொன்னபடி வந்தாள். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மேட்டுப்பாதையில் வண்டி திணறுவதையும், தொழிற்சாலை வாசலில் சோதனைக்காக இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்பதையும் பார்த்தாள். சாதா டீசலில் கடகடப்பு திரும்ப வந்தது, புகையும் கொஞ்சம் கூடியது. மைலேஜ் மட்டும் பிரீமியத்துக்கும் இதற்கும் நூலிழைதான் வித்தியாசம். பிறகு முதலாளி மகளே மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜெக்டரையும் ஃபில்டரையும் மாற்றச் சொன்னாள். மாற்றிய பிறகு, அதே சாதா டீசலில், வண்டி மேட்டில் பாடிக்கொண்டே ஏறியது. மைலேஜும் எகிறியது.

"டீசல் எங்க போச்சுன்னு கேட்டாரே, புகையாத்தான் போயிருக்கு" என்றார் மெக்கானிக்.

மனைவி வீட்டில் என்ன சொன்னாளோ தெரியாது. மறுநாள் மருமகன் ஹாரன் அக்காவை ஆபீஸுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் கதவைப் பார்த்தாள்.

"திருடின்னு சொன்னது வாசல்ல சார். மன்னிப்பு மட்டும் ரூமுக்குள்ளயா?"

"என்னம்மா, அதான் சொல்லிட்டேன்ல?"

"எனக்குத்தானே சொன்னீங்க. நான் எடுக்கலைன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவங்க வெளிய பஸ்ல உட்கார்ந்திருக்காங்க."

அவள் கதவைத் திறந்துவிட்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறினாள். இன்ஜினைக் கிளப்பவில்லை. பெண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். லேட்டானால் அவர்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். கேன் கேட்டுச் சிரித்தவள்தான் முதலில், "நாங்க இருக்கோம்க்கா, நீங்க சாவியைத் தொடாதீங்க" என்றாள்.

அவன் வெளியே வந்தான். வேறு வழியில்லை. பஸ்ஸின் படியருகே நின்று ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலை சார்" என்றாள் ஹாரன் அக்கா.

மறுபடியும் சொன்னான்.

"கடைசி சீட்டுக்குக் கேக்கலை."

மூன்றாவது தடவை கத்தித்தான் சொன்னான்: "இவங்க டீசல் எடுக்கலை! நான் சொன்னது தப்பு!" யாரும் கைதட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அவள் பஸ்ஸைக் கிளப்பினாள்.

அதன்பிறகு டேங்க் மூடியின் பூட்டு கழன்றது, டிப்போ பஸ்கள் எல்லாம் சாதா டீசலுக்கே திரும்பின. பிரீமியம் டீசலை அவன் தன் சொந்தக் காருக்கு மட்டும் போட்டுக்கொண்டான். புதுக் கார், அதற்கு ஒத்துக்கொண்டிருக்கலாம். ஹாரன் அக்கா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. இன்னும் சில வருடம் அங்கேயே ஓட்டினாள். தினமும் காலையில் அவன் "வாங்கம்மா" என்பான். அவள் பதில் சொல்லாமல் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுவாள். "அவர்தான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரே, இன்னும் என்னக்கா கோபம்?" என்று பெண்கள் கேட்டால், கண்ணாடியைச் சரிசெய்தபடி சொல்வாள்:

"அவன் பொண்டாட்டி சொன்னதாலதான் சொன்னான். நான் சொன்னப்ப நம்பலையே."