ஒரு மணி அக்கா

மைக்கைத் தட்டிப் பார்க்கமாட்டார். உஃப் என்று ஊதவும் மாட்டார். வாயருகே கொண்டுபோய், வாசலில் தயங்கி நிற்கும் உறவுக்காரரை அழைப்பதுபோல, "வாங்க, வந்து உக்காருங்க" என்பார். எதிரே ஆளில்லாத சிமெண்ட் படிகள்தான் இருக்கும். அந்தக் குரல் வகுப்பறை வரை வந்தால், "இன்னிக்கு எந்தக் கட்சிடா?" என்று கடைசி பெஞ்சில் யாராவது கேட்பார்கள்.

அக்கா எங்கள் கல்லூரியின் மின்பிரிவில் உதவியாளர். திறந்தவெளி அரங்கின் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. சக்கரம் வைத்த மேசையில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றி, தூங்கும் குழந்தையைத் தள்ளிவருவதுபோல மெதுவாகத் தள்ளிவருவார். வயரை மிதிப்பவர்களைக் கண்டால் மட்டும் குரல் உயரும். "காலைத் தூக்கி வை ராசா, நாட்டைத் திருத்தறதுக்கு முன்னாடி நடக்கக் கத்துக்க."

அரங்குச் சுவரில் ஒரு விதிப்பலகை உண்டு. எந்த மாணவர் அமைப்பும் பேசலாம், முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். வெளியாள் வந்தால் கல்லூரி முதல்வரின் அனுமதி வேண்டும். மேடையில் கொடி கூடாது. ஒலிபெருக்கி மதிய இடைவேளையில் மட்டும், ஒரு மணியோடு சரி. அதற்குமேல் சோதனைக்கூட வகுப்புகள். நாங்கள் யாரும் அதை நின்று படித்ததில்லை. ஒரு மணிக்கு அக்காவின் விரல் ஸ்விட்சுக்குப் போகும், புரட்சி பாதியில் நின்றுவிடும். ஆளுங்கட்சி மாணவர்களுக்கும் அப்படித்தான், எதிர்க்கட்சி மாணவர்களுக்கும் அப்படித்தான். 'இறுதியாக ஒன்று' என்று முதல்வர் மூன்றாம் முறை சொன்ன அன்றும் அப்படித்தான். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒலியளவுக் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பார். யார் பேசினாலும் குமிழின் முள் அந்தப் பொட்டில்தான் நிற்கும். சண்டை அதற்கும் வரும்.

"அவங்களுக்கு மட்டும் கணீர்னு கேட்டுச்சே, அக்கா?"

"அவன் மைக்குல பேசினான் தம்பி. நீ அதைக் கடிக்கப் பாத்த."

போன மாதம் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் புதிது. பொட்டு அதே சிவப்பு. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். எங்காவது விதி என்று எழுதியிருந்தால், அது என்னைப் போன்றவர்களை வெளியே நிறுத்தத்தான் என்று தோன்றும். இப்போதும் சில இடங்களில் தோன்றுகிறது. அது அனுபவமா, பயமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இறுதியாண்டில், கட்டடம் பழையது என்று சொல்லி, பெண்கள் விடுதியை மூடப்போவதாக அறிவித்தார்கள். வெளியே அறை எடுத்துத் தங்க எங்கள் வீட்டில் வழியில்லை. "படிச்ச வரைக்கும் போதும்மா, வந்துரு" என்று அப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டார். கண்டனக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய தலைவர்கள் உலக வரலாற்றிலிருந்து தொடங்கி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். என் முறை வந்தது. அப்பா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். மைக் செத்துப்போனது. ஒரு மணி.

கூட்டம் கொதித்தது. "முதல்வர் நிறுத்தச் சொல்லிட்டாராக்கா?" என்று ஒருவன் கத்தினான். "மின்பிரிவு ஒழிக!" என்றான் இன்னொருவன். அக்கா குனிந்து வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். நான் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

"அஞ்சே நிமிஷம்க்கா."

"போன வாரம் அந்தப் பசங்களும் அஞ்சு நிமிஷம்தான் கேட்டாங்க. குடுத்தேனா?"

"இது வேறக்கா. விடுதி போச்சுன்னா என் படிப்பே போச்சு."

"தெரியும். ஆனா உனக்குக் குடுத்துட்டு நாளைக்கு அவனுக்கு எப்படி இல்லேன்னு சொல்லுவேன்?" சுருட்டிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மைக்குக்குத்தான்மா ஒரு மணி. வெறும் வாயில பேசறதுக்கு யாரையும் கேக்க வேணாம். போ, ஏறு."

"இவ்வளவு பேருக்கு எப்படிக்கா கேக்கும்?"

அவர் தள்ளுமேசையின் பக்கம் நடந்துவிட்டார்.

கடைசியில் விடுதியை மூடவில்லை, ஒரு பக்கத்தைப் பழுதுபார்த்துவிட்டு நடத்தினார்கள். அன்று நான் பேசியதாலா, அதற்கு முன்பே அப்படித்தான் முடிவாகியிருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்ப மேடையேறி நின்றது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. என் முதல் வாக்கியம் முன்வரிசையைக்கூடத் தாண்டவில்லை. நடுவிலிருந்தவர்கள் கலையத் தொடங்கினார்கள்.

அக்கா தள்ளுமேசையை அப்படியே விட்டுவிட்டு, சற்றுமுன் தன்னைத் திட்டியவர்களுக்கு நடுவே புகுந்து, வயரோடு படியேறினார். கடைசிப் படிக்குப் போய்த் திரும்பி நின்றார். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். மறு கையை நீட்டி, உள்ளங்கை வானம் பார்க்க, மெல்ல மேலே உயர்த்தினார்: இன்னும், இன்னும் கொஞ்சம்.