வாயடைக்கப்பட்ட எச்சரிக்கைகள்

மகளின் லேப்டாப்பில் மஞ்சள் நிறத்தில் வரிவரியாக ஏதோ ஓடியது. "என்னம்மா தப்பு?" என்றேன். "தப்பு இல்லப்பா, வெறும் வார்னிங். தொணதொணன்னு வரும்," என்றவள், புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். திரை துடைத்துவிட்டாற்போல் ஆனது. எனக்கு எங்கிருந்தோ பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை அடித்தது.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான் ஏசி. அந்த மரியாதை மிஷினுக்கு, மனிதர்களுக்கு மின்விசிறி. அங்கே புரோகிராம் எழுதிய நண்பன் வெங்கடேசன் பக்கத்தில், மே மாத மதியங்களில் ஏதாவது சாக்குச் சொல்லி உட்கார்ந்துகொள்வேன். உடம்பு குளிரும்போதெல்லாம் மனைவி கமலாவின் நினைவு வரும். கரோல்பாகில் மொட்டைமாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், அவளுக்கோ இளைப்பு. சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் விடிவு.

அந்த வருடம் வீடு கிடைத்தவர்களின் பட்டியலை அச்சடித்ததே வெங்கடேசனின் புரோகிராம்தான். பெயர்களுக்கு நடுவே எச்சரிக்கை வரிகள் விழுந்தன. மேலதிகாரி முகம் சுளித்தார். "யே சப் பந்த் கரோ," இதையெல்லாம் நிறுத்து என்றார். செயலாளர் மேஜைக்குப் போகிற காகிதமாம். வெங்கடேசன் புரோகிராமுக்குள்ளேயே ஒரு வரி எழுதி அவற்றின் வாயை அடைத்தான். "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குடா," என்று நான் வேறு பாராட்டினேன். என் பெயர் அதில் இல்லை. இன்னும் முறை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடமும் இல்லை. அந்தக் கோடையில் கமலா கைக்குழந்தையாக இருந்த மகளோடு மன்னார்குடிக்குப் போனாள். "வீடு கிடைச்சதும் சொல்லுங்க, வந்துடறேன்," என்றாள் ரயிலில்.

பல வருடம் கழித்து, வேறு வேலையாக, எச்சரிக்கைகளின் வாயை அடைத்த அந்த வரியை நீக்கிய வெங்கடேசன் என்னைக் கூப்பிட்டான். பிரிண்டரிலிருந்து காகிதம் தரைவரை வழிந்தது. குடும்பப் பெயர் காலி, விண்ணப்பம் சேர்க்கப்படவில்லை. திரும்பத் திரும்ப அதுதான். சர்மாவும் குப்தாவும் தப்பித்திருந்தார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்திருந்த தமிழர்கள் நாங்கள் வருடா வருடம் கழிக்கப்பட்டிருந்தோம்.

"எனக்குத் தெரியலடா," என்றான் வெங்கடேசன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முறையிட்டேன். "நயா ஃபார்ம் பரியே," என்றார்கள். புதிதாக விண்ணப்பித்து, புதிதாக வரிசையின் கடைசியில் நின்றேன். லோதி ரோடு பக்கம் வீடு கிடைத்தபோது மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கமலாவோடு வந்தவள் கூடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, "நான் எங்க படுத்துக்கணும்பா?" என்று விருந்தாளி மாதிரி கேட்டாள்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மகளுக்கு முதல் பல் விழுந்ததும், அவள் சைக்கிள் பழகியதும் எனக்குக் கடிதத்தில் வந்த செய்திகள். அந்த வயதில் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று கமலாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.