ஜெல்லி டப்பா காலியான ஞாயிற்றுக்கிழமை

பெட்ரோலியம் ஜெல்லிக்கு வாசனையே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்கள் வீட்டு ஜெல்லிக்கு வாசனை இருந்தது. அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி. மூக்குக்குள் போய் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. அப்பா சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தார். மை இறுகிப்போய்த் தாளைப் பிய்க்கத் தொடங்கினால் அதில் கொஞ்சம் ஜெல்லியைக் கலந்து இளக்குவார்களாம். அதற்காக அங்கே பெரிய டின் வாங்கி வைத்திருப்பார்கள். டின்னின் அடியில் மை படிந்து ஒட்டிக்கிடக்கிற மிச்சத்தை அப்பா கேட்டு வாங்கி வழித்து, அச்சுப் பிசகி மூக்கு ஓரிடமும் கண் ஓரிடமுமாகக் கிடக்கிற ஏதோ ஒரு சாமி படத்தில் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். அம்மா அதை ஒரு பழைய ஊறுகாய் டப்பாவில் போட்டு மூடி வைப்பாள்.

அந்த டப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஓய்வே கிடையாது. அம்மாவின் பித்தவெடிப்புக்கு அதுதான், மார்கழியில் வெடிக்கிற என் உதட்டுக்கும் அதுதான். சோற்றுச்சட்டி வைக்கிற பலகையின் கால்களில் வட்டமாகத் தடவிவிட்டால் எறும்பு பாதி வழியில் நின்று யோசித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். என் பள்ளிக்கூடப் பை ஜிப் சிக்கினாலும், கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டாலும், எண்ணெய் வைத்தும் படியாமல் நெற்றியோரம் சிலிர்த்து நிற்கிற முடியைப் படியவைக்க வேண்டுமென்றாலும் "ஏ புள்ள, அந்த ஜெல்லிய எடு" என்கிற குரல்தான் கேட்கும். "வைத்தியன், கொல்லன், சிங்காரக்காரி, மூணு பேரையும் ஒரே டப்பாக்குள்ள அடச்சு வச்சிருக்கேன்" என்று அம்மா பெருமையடித்துக்கொள்வாள். பீற்றிக்கொள்வதற்கு எங்கள் வீட்டில் வேறு என்ன இருந்தது?

ஆனால் அப்பா அதைக் கொண்டுவந்தது இதற்கெல்லாம் இல்லை. மாரீஸ்வரி அக்காவின் கைகளுக்காக. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமில் வேலை பார்த்தாள். அலுமினியப் பவுடரைச் சலித்து அளந்து போடுகிற வேலை. "வெள்ளிப் பவுடர்" என்பார்கள். ஒரு மாதம் அதில் கை வைத்தவர்களின் கை பிறகு சொந்த நிறத்துக்குத் திரும்பாது. நகக்கண், ரேகை, முட்டிச் சுருக்கம் எல்லாவற்றிலும் வெள்ளி ஏறி உட்கார்ந்துகொள்ளும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் மேலாக உள்ளதுதான் போகும். ஜெல்லியைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால், ரேகைக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் மெல்ல மேலே வரும். அப்போது பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்து எடுக்க வேண்டும். தடவ வேண்டும், ஊறவிட வேண்டும், துடைக்க வேண்டும். எங்கள் தெருவில் இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த பாடம்.

துடைக்கிற வேலை என்னுடையது. அம்மாவும் அதே கம்பெனிதான்; பெட்டி போடுகிற பகுதி. விடிகிற நேரத்தில் வேன் வந்து ஒலி எழுப்பும், இரண்டு பேரும் ஏறிப் போய்விடுவார்கள். ஆடிப் பெருக்கு முடிந்தால் அப்பாவுக்குக் காலண்டர் சீசன், அவரைக் கண்ணால் காண்பதே அபூர்வம். ஊர் உலகத்துக்கெல்லாம் தீபாவளி வரப்போகிறது என்பது எங்கள் வீட்டில் யாருமே இருக்க மாட்டார்கள் என்பதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டைத் திறந்து, ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவரோடு பேசியும் இருக்கிறேன். அது ஒன்றும் எதிர்த்துப் பேசாது.

பொழுது சாய அக்கா வந்து இறங்கும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாது. "தள்ளிப் போ, தொடாத, மேலெல்லாம் மருந்து" என்பாள். வேலைச் சேலையைக் கொல்லைக் கொடியில் போட்டு, தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் கைகள் என் மடிக்கு வரும். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகக்கண்ணில் துணியைச் சுற்றித் துடைப்பேன். அவள் பாதித் தூக்கத்தில் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். நாள் முழுவதும் நான் காத்துக் கிடந்தது அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். அந்த வீட்டில் என்னைத் தொடுகிற கைகள் அவை மட்டும்தான்.

அப்படியொரு பொழுதில்தான் அவள் கேட்டாள்: "மெட்ராஸ்ல வீட்டுலருந்து கொஞ்ச தூரம் போனா கடல் வந்துருமாம்ல?" எனக்கு விஷயம் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம், வெடி வேலைக்குப் போகிற பெண் வேண்டவே வேண்டாம் என்று. தரகரும் சளைக்கவில்லை, பெண் வீட்டோடு இருக்கிறாள், தையல் தெரியும் என்று அளந்துவிட்டு வந்துவிட்டார். அக்காவுக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

"அந்த ரூம்ல மூச்சு முட்டுது புள்ள" என்றாள் அக்கா. "இது அமைஞ்சா நான் தப்பிச்சேன்." அவள் தப்பித்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே அவள் கட்டைவிரலைத் துடைத்தேன்.

ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். சனிக்கிழமை வரைக்கும் அக்கா பவுடர் அள்ளிவிட்டுத்தான் வந்தாள். பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே வீட்டில் ஜெல்லித் திருவிழா. தாழ்ப்பாளுக்கு, மடக்கு நாற்காலியின் துரு ஆணிக்கு, அப்பாவின் செருப்புக்கு. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஜிமிக்கியின் தண்டு தடிமனாக இருந்ததால் அக்காவின் காது ஓட்டைக்கு. இரவல் வளையல் முட்டியில் சிக்கியதால் மணிக்கட்டுக்கு. புருவத்துக்கு, உதட்டுக்கு, குதிகாலுக்கு. மணக்கட்டும் என்று கழுத்தோரம் ஜெல்லியைத் தடவி அதன் மேல் சென்ட்டை வைத்தாள் அம்மா. அப்படி வைத்தால் சீக்கிரம் பறக்காதாம். அக்காவைப் பார்க்க எனக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு அழகாக ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்திருக்கிறாள், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கைகளை நான்தான் காலையில் ஒரு தடவை துடைத்து முடித்திருந்தேன். ஓரளவு சுத்தமாகியிருந்தன. ஆனால் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும் அம்மாவுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. "கை வறவறன்னு கெடக்கேடி" என்று டப்பாவின் அடியில் மிச்சமிருந்த அத்தனையையும் வழித்து அக்காவின் இரண்டு கைகளிலும் பூசி, மினுமினுவென்று ஆக்கிவிட்டாள். "தொடைக்கணும்மா" என்றேன். "நீ சும்மா கெட" என்றாள். எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட பேச்சில் பாதி அதுதான்.

வந்தார்கள். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராத சாது. அவர் அம்மா அதிகம் பேசவில்லை, எல்லாவற்றையும் பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உச்சி வெயில், மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் மாப்பிள்ளைக்கு. அக்கா உள்ளே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஜெல்லி உருகிக்கொண்டிருந்தது. உருகுகிற ஜெல்லி என்ன செய்யும் என்று தெரிந்த மூன்று பெண்கள் அந்த வீட்டில் இருந்தும், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்பதுதான் அப்போது பெரிய கவலையாக இருந்தது.

காப்பி கொடுத்தாயிற்று. "பெரியவுகள விழுந்து கும்பிட்டுக்க தாயி" என்றார் தரகர். அக்கா விழுந்து, அந்த அம்மாவின் பாதங்களை இரண்டு கையாலும் தொட்டு எழுந்தாள்.

மானாவாரிக் காட்டில் நடந்து நடந்து கறுத்த பாதங்கள். இரண்டின் மேலும் அக்காவின் விரல்கள் வெள்ளி வெள்ளியாகப் பதிந்திருந்தன.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தரகர்தான் முதலில் வாய் திறந்தார்: "அது ஒண்ணுமில்லீக, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாக..." எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. எங்கள் சுவர் சுண்ணாம்பு கண்டே பல வருடம் ஆகியிருந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா. "எனக்குத் தெரியாத பெயிண்டா இது?" தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எந் தங்கச்சிய இந்தப் பக்கந்தான் கட்டிக்குடுத்தோம். ஒரு சீசன்ல காலையில வேன்ல போனவ. அங்கன போய்ப் பாத்தா, கெடந்த கையெல்லாம் ஒரே மாதிரி வெள்ளியா இருந்துச்சு. எது அவ கையின்னு எங்களுக்குத் தெரியல." "அதனாலதான் வெடி வேல வேண்டாம்னேன். எளப்பமா நெனச்சுச் சொல்லல."

அதுவரை வாயே திறக்காத அக்கா, "நான் மருந்து ரூம்லதான் வேல பாக்குறேன். தையல்லாம் எனக்குத் தெரியாது. பொய் சொன்னது தப்பு" என்றாள். குரல் நடுங்கவில்லை. அம்மா அழ ஆரம்பித்தாள்: "மதினி, எம்புள்ளைய அந்த ரூம்லருந்து எப்பிடியாச்சும் வெளிய எடுக்கணும்னுதான் இம்புட்டும்..."

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "எடுத்துருவோம்" என்றார். "ஆனா ஒண்ணு. வந்தா வந்தவதான். சீசன் நேரத்துல இந்தப் பக்கம் அனுப்பவே மாட்டேன்."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "தல தீவாளிக்கு?"

"தல தீவாளிக்கும்தான்."

பெண்ணைக் கட்டிக் கொடுத்த எந்த வீடாவது இதற்குச் சம்மதிக்குமா? எங்கள் வீடு சம்மதித்தது. தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வராத வீட்டை ஊர் என்ன பேசும் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினாள். நான் அடுப்படி வாசலில் நின்று, அக்கா ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்ப்பதைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். என்னை யாரும் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் கல்யாணம். பிறகு ஒரு நாள் காலையில் வாடகை வேனில் பெட்டியோடு ஏறிச் சென்னைக்குப் போனாள். அந்தத் தீபாவளிக்கு அம்மா வேட்டியும் சேலையும் எடுத்துப் பார்சலில் அனுப்பினாள். எங்கள் தெருக்காரர்கள் கை நோகச் செய்தது ஊரூராக வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மூன்று இட்டிலியை எதிரே வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஜெல்லியை அப்பா தொடர்ந்து கொண்டுவந்தார். பழக்கதோஷம். டப்பா நிறைந்து வழிந்தது.

அக்காவின் மாமியார் சொன்ன சொல் தவறாத மனுஷி. சாகும்வரை சீசனில் அனுப்பவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் வரலாமே என்றால், குழந்தைக்குப் பரீட்சை, கடையில் ஆள் இல்லை, டிக்கெட் கிடைக்கவில்லை. வருகிறேன் என்பதும் வரவில்லை என்பதும் தொலைபேசியிலேயே நடந்து முடிந்துவிடும். நான் தட்டுத்தடுமாறித் தபாலில் படித்து, இன்று சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துகிறேன். ராகுகாலம் எமகண்டம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் உங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறது. கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை, அதைக் கேட்பவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா போய்விட்டார், பிறகு அம்மா. இப்போதெல்லாம் அச்சகங்களில் மைக்கு வேறு ஏதேதோ கலக்கிறார்கள். கடையில் ஜெல்லி ரோஸ் நிறத்தில், ஸ்ட்ராபெரி வாசனையில் கிடைக்கிறது. உதட்டுக்கு மட்டுமாம்.

இந்த வருடம் அம்மாவின் முதல் திதிக்கு அக்கா வந்தாள். கைகள் சுத்தமாக, வெளுப்பாக, மோதிரம் போட்டு, யாரோ ஒரு டீச்சரம்மாவின் கை மாதிரி இருந்தன. டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டாள்:

"நான் மெட்ராஸ் போன அன்னைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே புள்ள. வேன்ல ஏறுற வரைக்கும் ஒன்னையேதான் பாத்தேன். கல்லு மாதிரி நின்ன. இவளுக்கு எம்மேல பாசமே இல்லன்னு அங்கன போயி எம்புட்டு நாள் அழுதேன் தெரியுமா? வந்தாலும் யாருக்கு வேணும்னுதான் வராமயே இருந்துட்டேன்."

"காலையிலயே அம்மா என்னைய அடுப்படிக்குக் கூப்புட்டுச் சொல்லுச்சுக்கா" என்றேன். "நீ அழுதா ஒங்கக்கா போகாது, திரும்ப அந்த ரூமுக்குத்தான் போகும், அதனால அழுதுறாதன்னு சொல்லுச்சு. அதான் அழல."

அக்கா என்னையே பார்த்தாள். உதடு கோணியது. பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இப்ப அழு புள்ள" என்றாள்.

அழ ஆரம்பித்தேன். ஆனால் அவளுக்குச் சாயங்காலம் ரயில் இருந்தது.