நல்ல குடிமகன் கூட்டம் கூட மாட்டான்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘மனு டீச்சர்’ என்று பட்டப்பெயர். குடிமையியல் பாடம் வந்தால் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப் போய்விடுவாள். உடைந்த சாக்கடை மூடியைக் காட்டி, “இதை யார்கிட்ட கேக்கணும்?” என்பாள். பிள்ளைகளே நகராட்சிக்கு மனு எழுதுவார்கள். ஒருமுறை புது மூடி வந்தே விட்டது. அன்றைக்கு வகுப்பில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

பிறகு புத்தகம் மாறியது. உரிமைகள் பற்றிய பாடம் போய், ‘நல்ல குடிமகன்’ வந்தது. அவன் வரிசையில் நிற்பான், வரி கட்டுவான், பொது இடத்தில் கூட்டம் கூட மாட்டான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தேர்வில் அதைத்தானே கேட்கிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்ய வைத்தாள். அவளுடைய மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள்; ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள்.

மகள் கல்லூரிக்குப் போன வருஷம், ஊர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். மனு டீச்சரும் போய் உட்கார்ந்தாள். மகள் தேடிக்கொண்டு வந்தாள்.

“எழுந்திரும்மா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்னுதான் உக்காந்திருக்கோம். நீ பொறந்ததே இந்த வார்டுலதான்.”

“அதுக்குக் கூட்டம் போடுவாங்களா? மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்.”

“இப்படிப் பேச யாருடி சொல்லிக் குடுத்தா?”

மகள் குரலை உயர்த்தவில்லை. “நீதாம்மா.”

டீச்சர் உட்கார்ந்துதான் இருந்தாள், அதன்பிறகு கோஷத்துக்குக் குரல் எழும்பவில்லை.

வார்டை மூடினார்கள். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே டீச்சர்” என்றபடி தலைமையாசிரியர் மாற்றல் உத்தரவைக் கொடுத்தார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பள்ளி.

மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தது. மகளோடு ஒன்றாகப் படித்தவள். அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் வேனிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மகள் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

“யாரையாவது கேக்க வேணாமா?” என்றாள் டீச்சர் மெல்ல.

“யாரைம்மா கேக்கறது? அவ தலையெழுத்து.”

மறுநாள் புதுப் பள்ளியில் ஒரு சிறுமி எழுந்து பாடம் வாசித்தாள். “நல்ல குடிமகன் பொறுமை காப்பான்.”

“ம்,” என்றாள் டீச்சர். “அடுத்த வரி.”