மரியாமாவின் கெட்டிமேளம்

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் கலைவிழா. நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகளெல்லாம் மேலங்கிகளைத் தேடி ஓடிய நேரத்தில், மேடையோரம் கிடந்த ஜெம்பே என்கிற ஆப்பிரிக்க மேளம் ஒன்றின் மேல் குனிந்து மோந்து பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். "அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்று மகள் பிரெஞ்சில் பல்லைக் கடித்தாள். அவளுக்கு மானம் போய்விட்டது. எனக்கோ ஏமாற்றம். அது பிளாஸ்டிக் தோல் போட்ட மேளம். ஒரு வாசமும் இல்லை.

உண்மையான ஜெம்பேக்கு ஆட்டு வாசம் உண்டு. மழை பெய்தால் கூடும். எனக்கு அந்த வாசத்தோடு சலவைத் தூள், நனைந்த சப்பாத்துகள், கோட்-டெ-நெய்ஜில் அண்ணையோடு இருந்த வீட்டின் குளியலறை எல்லாம் சேர்ந்தே வரும். மரியாமாவும் வருவாள்.

நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. கட்டில் விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள் மரியாமா. கினி நாட்டுக்காரி, என் வயதுதான். நான் முதலில் கற்ற பிரெஞ்சு முழுவதும் அவள் வாயிலிருந்து பொறுக்கியது. இன்றைக்கும் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் நான் வாய் திறந்தால், கல்லாவில் நிற்கிற பெண் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், இந்த முகத்துக்கு எங்கிருந்து இந்த உச்சரிப்பு என்று. அதனால் மரியாமா சொன்னவற்றை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். என் காதுக்குள் அவள் அப்படித்தான் கதைக்கிறாள்.

இடைவேளையில் அவள் கை சும்மா இருக்காது. மேசை, துணி வண்டி, என் முதுகு, எதிலும் தாளம். அவளுடைய அண்ணன்மார் எல்லாரும் ஊரில் ஜெம்பே அடிப்பவர்கள். "எங்கட பக்கத்தில பொம்பிளையள் பாடலாம், ஆடலாம். மேளம் ஆம்பிளையளுக்கு. நான் பாத்துப் பாத்தே பழகினனான். இஞ்ச என்னை ஆர் மறிக்கிறது?" என்றாள். எங்கள் ஊரிலும் மேளத்தை யார் அடிக்கலாம், யார் தொட்டாலே தீட்டு என்றெல்லாம் எழுதாத சட்டங்கள் இருந்தன. அதை அவளுக்கு விளக்க என் பிரெஞ்சு போதவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்தின் நிலவறையைப் பிடித்து, சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெண்களைச் சேர்த்து அவள் வகுப்பு நடத்தினாள். நானும் போய் உட்கார்ந்தேன். ஜெம்பேயில் அடிப்படையாக மூன்று சத்தங்கள். நடுவில் உள்ளங்கையால் அடித்தால் வயிற்றுக்குள் கேட்கிற ஒன்று. ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடித்தால் உருண்டையாக ஒன்று. விரல்களைத் தளரவிட்டு விசிறினால் கன்னத்தில் அறைந்தது போல ஒன்று. அந்த மூன்றாவது எனக்கு வரவே வராது. "நீ அடிக்கேல்லை. மேளத்திட்ட மன்னிப்புக் கேக்கிறாய்," என்பாள் மரியாமா. அவள் அடித்தாலோ அந்த மூன்றும் மூன்று ஆட்கள் போலக் கதைக்கும், சண்டை பிடிக்கும், சிரிக்கும். நான் அடிப்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாரியில் ஒருநாள், வீட்டில் பழக நான் வாங்கிய ஜெம்பேயின் தோல் வெடித்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தது என் புத்தி. சூட்டில் தோல் இறுகி இறுகி, நாங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படீர் என்றது. அண்ணை கோப்பையோடு எழும்பிவிட்டார். மரியாமா புதுத்தோல் ஒன்றை மயிரோடு கொண்டுவந்து குளியல் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாள். வேலையால் வந்து குளிக்கப் போன அண்ணை கதவடியிலிருந்து கத்தினார்: "எடியே, ஆட்டையோ குளிக்க வாத்துக்கொண்டிருக்கிறாய்?"

ஊறிய தோலை மரத்தின் வாயில் போர்த்து, இரும்பு வளையத்தை மாட்டி, கயிற்றைக் கோத்தோம். காயவிட்டு, புதுப் பிளேட்டால் மயிரை வழித்தோம். பிறகுதான் கயிற்றை இழுக்கிற பெரிய வேலை. நிலத்தில் இருந்து, இரண்டு காலையும் மேளத்தில் உதைத்துக்கொண்டு மரியாமா இழுப்பாள். ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பாள். "இன்னும் நித்திரை," என்பாள். திரும்பவும் இழுப்பாள். அவள் "எழும்பிட்டுது" என்று சொன்னபோது எனக்கும் அது கேட்டது.

அடுத்த தை மாதம் எனக்குக் கலியாணம். மேற்குப் பக்கத்தில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மண்டபம் எடுத்திருந்தோம். நாதஸ்வரமும் தவிலும் டொரொன்டோவிலிருந்து வருவதாக ஏற்பாடு. அன்று பார்த்துக் கொட்டியது பனி. நான் கூறைச்சேலைக்குக் காத்திருந்த அறைக்குள் அண்ணை வந்தார். முகம் செத்திருந்தது.

"மேளகாரர் வரேலாதாம். றோட்டு முழுக்கப் பூட்டியாச்சாம். சீடியைத்தான் போடவேணும்."

"சீடிக்கோ என்ர பிள்ளை தாலி கட்டுறது?" என்று மாமி வெளியே நின்று அழுதுவிட்டார். அவருக்கு ஒரே மகன். அவனுடைய கலியாணத்தைப் பார்க்கத்தான் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

மரியாமா மஞ்சள் உடுப்பும் பெரிய தலைக்கட்டுமாக என் பக்கத்தில் இருந்தாள். இரவு விருந்தில் என்னை ஆடவைத்துச் சிரிக்க ஜெம்பேயைக் காரில் கொண்டுவந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அண்ணையைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. சனம் சிரிக்கும் என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவரோ நேரே போய் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஐயர் மாமியிடம் சொன்னார்: "அம்மா, கெட்டிமேளம் ஏன் கொட்டுறது? தாலி ஏறேக்க தும்மல், அழுகை ஒண்டும் காதில விழக்கூடாதெண்டுதானே?" அண்ணையிடம் திரும்பினார். "அந்தப் பிள்ளையின்ர மேளத்துக்குச் சத்தம் காணுமோ?"

"காணுமோவோ? கீழ்வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிட்டவன், ஐயா!" என்றார் அண்ணை. மாமிக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்காதவள் மரியாமா மட்டும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் தன் கைகளைப் பார்த்தாள். "கலியாணத்துக்கு நான் ஒருநாளும் அடிச்சதில்லை. அது அண்ணன்மாரின்ர இடம். நான் அடிச்சு உனக்கு ஏதும் பிழைச்சா?"

"நீ அடிக்காட்டித்தான் பிழை," என்றேன்.

அவள் வளையல்களைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு எழும்பினாள்.

காரில் குளிர்ந்திருந்த மேளம் மண்டபத்து வெக்கைக்கு வேர்த்துத் தொய்ந்துவிட்டதாம். சமையற்கட்டில், சாம்பார் இறக்கிய அடுப்புக்கு மேலே தோலைக் காட்டி அவள் சூடாக்கியதையும், "தங்கச்சி, கருகப்போகுது" என்று சமையல்காரர் கூடவே அந்தரப்பட்டதையும் அண்ணை பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மணவறையில் குனிந்த தலையோடு இருந்த எனக்கு ஐயரின் கை உயர்ந்தது மட்டும்தான் தெரிந்தது. அடுத்த கணம் சத்தம் வந்தது. முதலில் அந்த அறைகிற சத்தம், ஒன்றன் மேல் ஒன்றாக, மழைக்கல் கூரையில் கொட்டுவதுபோல. அடியிலிருந்து வயிற்றுக்குள் கேட்கிற சத்தம் எழும்பி எல்லாவற்றையும் தூக்கியது. என் கழுத்தில் மாப்பிள்ளையின் விரல்கள் பட்டன. மூன்றாம் முடிச்சைப் போட்டது அவருடைய தங்கையாம். எனக்குத் தெரியாது. மணப்பெண் தலையை நிமிர்த்தக்கூடாது என்பதை மறந்து நான் மரியாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஐயர் கையை இறக்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஒருவரும் நிறுத்தச் சொல்லவுமில்லை.

ஓய்ந்ததும் மாமி எழும்பிப் போனார். மரியாமாவின் கைகள் இரண்டையும் பிடித்து விரித்துப் பார்த்தார். சிவந்திருந்தன. சந்தனக் கும்பாவிலிருந்து அள்ளி, அந்த உள்ளங்கைகளில் பூசிவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தெரியாது.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதி இல்லை. துணிகள் லொறியில் எங்கோ போய் வருகின்றன. தேவாலயத்தை வீடுகளாக்கி ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் நிலவறை அவர்களுடைய கார்த் தரிப்பிடம். மாமி போய்விட்டார். மரியாமா பிள்ளைகளோடு எட்மன்டனில் இருக்கிறாள். தொலைபேசியில் கதைக்கிறோம், பேரப்பிள்ளை வரப்போகிறதாம்.

கலியாண வீடியோ மட்டும் இருக்கிறது. வீடியோக்காரர் தன் வழக்கப்படி மண்டபத்துச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, தாலி கட்டும் இடத்தில் நல்ல நாதஸ்வரமும் தவிலுமாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார். அவரிடம் கேட்டுப் பார்த்தோம், பழைய ஒலியை அவர் வைத்திருக்கவில்லை. திரையில் மரியாமாவின் கைகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் எழும்பி விழுகின்றன. அவள் அடித்தது அதில் இல்லை.